காகிதம் கேட்காத வேலை

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு டெல்லியில் என்ன செய்கிறாய் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். பத்திரிகை வேலை, மொழிபெயர்ப்பு என்று சொன்னால் நாவல், கவிதை என்று எதையோ மொழிபெயர்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் என்னைத் தேடி வருபவர்கள் கொண்டுவருவது பிறப்புச் சான்றிதழ்கள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். அப்பா டெல்லியில் மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்தாலும் மூத்த பிள்ளை மன்னார்குடியிலோ மானாமதுரையிலோதான் பிறந்திருப்பான். நகராட்சி கொடுத்த சான்றிதழ் தமிழில் இருக்கும். இருபது, இருபத்திரண்டு வருஷம் அது பீரோவில் தூங்கும். பையன் பி.டெக். முடித்து வெளிநாடு என்று வாயைத் திறந்ததும் அதை எடுத்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டுவார்கள்.

ஒரு பக்கம் மொழிபெயர்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. கூலி பெரும்பாலும் ஒரு டப்பா முறுக்கு. ஆனால் அடியில் 'இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவனுக்கு இருக்கும் பயத்தில், கூட வரும் மற்றப் பேப்பர்களையும் வாங்கிப் படித்துவிடுவேன். இப்படிப் படித்துப் படித்தே, கம்ப்யூட்டரில் தட்டச்சு தவிர ஒன்றும் தெரியாத நான், சாப்ட்வேர் வேலைக்கு எந்த நாடு என்ன கேட்கும் என்பதில் ஓரளவு தேறிவிட்டேன்.

2022 ஜூனில் எதிர் பிளாக்கிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்போதுதான் கம்ப்யூட்டர் சயன்ஸில் பி.டெக். முடித்திருந்தான். வளாகத் தேர்விலேயே பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது, கடிதமும் கையில் இருந்தது. 'சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்' என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி. அந்த 'பின்னர்' எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருஷம் படித்து முடித்த எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் வேலை இருந்தும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் அப்பாவுக்கு ஒரு கனவு உண்டு. ரோட்டைக் கடந்தால் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ். அதற்குள் அரசாங்கத்துக்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தேசிய தகவலியல் மையம். பிள்ளை அங்கே சேர்ந்தால் மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். பிள்ளையின் கனவில் நடந்து போகும் தூரத்தில் எதுவும் இல்லை. அவனுடைய பிறப்புச் சான்றிதழை விரித்தேன். பால்: ஆண். தந்தை பெயர், தாய் பெயர், ஆஸ்பத்திரி எல்லாம் சரி. 'குழந்தையின் பெயர்' என்ற இடம் காலி.

இதுவும் நம் வழக்கத்தால் வருவதுதான். பிறந்த சில நாட்களில் ஆஸ்பத்திரி பதிவு செய்துவிடும். பெயர் வைப்பதற்கு நாள் பார்க்க வேண்டும், தாத்தா பெயரா குலதெய்வத்தின் பெயரா என்று சண்டை போட வேண்டும். அதற்குள் பதிவு முடிந்துவிடுகிறது. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் பெயரைப் பிறகு சேர்க்கலாம், ஆனால் 15 வருஷத்துக்குள். தவறவிட்டவர்களுக்குத் தமிழக அரசு 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டித்திருந்தது. ஊருக்குப் போய்ப் பெயரை ஏற்றிக்கொண்டு வா, பெயர் இல்லாத ஒருவனை நான் இங்கிலீஷில் கொண்டுவந்து என்ன பயன் என்றேன். "இன்னும் எத்தனை பேப்பர் அங்கிள்?" என்று அலுத்துக்கொண்டு போனான்.

ஆகஸ்டில் மறுபடி வந்தான். முகத்தில் வெளிச்சம்.

"அங்கிள், உங்க கையெழுத்தே வேண்டாம். பர்த் சர்டிபிகேட் கேக்கல. டிகிரி சர்டிபிகேட்கூட கேக்கல. பாஸ்போர்ட் மட்டும் போதுமாம். டிக்கெட் அவங்களே அனுப்பறாங்க."

"அப்புறம் ஏன் என்னிடம் வந்தாய்?"

"அப்பா உங்ககிட்ட காட்டிட்டு வரச் சொன்னார்."

டெலிகிராமில் வந்த விளம்பரம். தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்'. மாதம் ஆயிரம் டாலர், தங்குமிடம், சாப்பாடு இலவசம். இன்டர்வியூ என்பது போனில் பத்து நிமிஷம், எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்கிறாய் என்று ஒரு சோதனை, அவ்வளவுதான். பேசியவர் துபாயில் இருப்பதாகச் சொன்னாராம். விசா, பாங்காக்கில் இறங்கியதும் கிடைக்கும். கடிதம் ஒரே பக்கம். கம்பெனிக்குப் பெயர் இருந்தது, முகவரி இல்லை. ஒரு மொபைல் எண். கடைசியில், பாங்காக்கிலிருந்து கம்பெனி வண்டியில் 'மே சோட் ஆபீசுக்கு' அழைத்துப் போவார்கள் என்று ஒரு வரி.

எனக்குச் சந்தேகம் வந்தது கம்பெனி மேல் இல்லை. அந்த ஊரின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதில். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது ஒரு வியாதி. தெரியாத ஊர்ப் பெயர் கண்ணில் பட்டால் அது எங்கே இருக்கிறது, ஊர்க்காரர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று பார்க்காமல் தூக்கம் வராது. மேப்பைத் திறந்தேன். மே சோட் பாங்காக்கின் புறநகர் இல்லை. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வடமேற்கே, தாய்லாந்து முடியும் இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் மோயி என்று ஓர் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியாவடி. அது மியான்மர்.

"ஆயிரம் டாலர் சம்பளம் கொடுக்கிற கம்பெனி ஏன் காட்டோரத்தில் ஆபீஸ் வைத்திருக்கிறது?"

"ரெண்ட் கம்மியா இருக்கும் அங்கிள்."

"இறங்கியதும் கொடுக்கிற விசா சுற்றுலாக்காரர்களுக்கு. அதில் வேலை பார்க்க முடியாது."

"அங்கே போய் மாத்திக்குவாங்க."

"டிகிரியே கேட்காமல் இன்ஜினீயரைக் கூப்பிடுவார்களா?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க தமிழ் எம்.ஏ. அங்கிள். ஐ.டி. இண்டஸ்ட்ரி எப்படி ஹையர் பண்ணுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி அவன் அப்பாவிடம் மேப்பைக் காட்டினேன். அதிகம் பேசாத மனுஷர். ஆறு எது, எல்லை எது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். மறுநாள் பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இருபத்திரண்டு வயதுப் பையனின் பாஸ்போர்ட்டை அப்பா ஒளித்துவைப்பது சரியா என்று என் மனைவியும் நானும் விவாதித்தோம். சரியில்லை என்ற முடிவுக்கு இருவருமே வந்தோம். ஆனாலும் போய் 'கொடுத்துவிடுங்கள்' என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் தேதி கடந்தது. பையன் அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். என்னையும் கண்டால் வேறு பக்கம் போனான்.

2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஐ.டி. படித்த இளைஞர்களைக் குறிவைத்து, தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்கிறார்கள். துபாயிலும் இந்தியாவிலும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். போகிறவர்களைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைக்கிறார்கள். கால் சென்டர் மோசடி, கிரிப்டோ மோசடி ஆகியவைதான் அங்கே வேலை. வேலையின் பெயர்கூட அப்படியே, எழுத்துப் பிசகாமல் பையனின் கடிதத்தில் இருந்தது. அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அடி, மின் அதிர்ச்சி, பதினைந்து மணி நேர வேலை என்று அவர்கள் சொன்னதெல்லாம் பேப்பரில் வந்தது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டு நாட்களில் 549 இந்தியர்களை அழைத்துவந்தன. அந்த விமானங்கள் புறப்பட்ட இடம் மே சோட்.

இதைச் சாமர்த்தியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பெயரின் உச்சரிப்பில் சந்தேகம் வராமல் இருந்திருந்தால் நானும் வாழ்த்து சொல்லி அனுப்பியிருப்பேன்.

வெளிநாட்டு வேலை ஜுரம் எனக்குப் புதிதும் இல்லை. 2000-இல் நான் எம்.ஏ. படித்தபோது விடுதியில் பாதிப் பேருக்கு அந்த ஜுரம். பிப்ரவரியில் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடர், வெளிநாட்டு ஐ.டி. நிபுணர்கள் 20,000 பேருக்கு 'கிரீன் கார்டு' என்று அறிவித்தார். ஆகஸ்டில் திட்டம் தொடங்கியது. அங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் பிரசாரம் 'கிண்டர் ஸ்டாட் இண்டர்' என்ற கோஷமானது. இந்தியர்களுக்குப் பதில் நம் குழந்தைகள் என்று அர்த்தம். கருத்து எப்படியோ, எதுகை நம் இலக்கண ஆசிரியர்கள் தலையாட்டும்படி இருந்தது. நாங்கள் சிரித்தோம். என் பெரியம்மா மகன் எம்.சி.ஏ. முடித்து அதே வருஷம் நியூஜெர்சி போனான். கூட்டிப்போனது ஆட்களை வாடகைக்கு விடுகிற ஒரு சின்ன கம்பெனி. அடுத்த வருஷம் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் தொழில் சரிந்தது. வேலை வரும்வரை 'பெஞ்ச்'சில் உட்கார் என்றார்கள். பெஞ்ச்சில் உட்கார்ந்தாலும் எச்-1பி விசாக்காரருக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்தக் கம்பெனி தரவில்லை. ஒரே வீட்டில் எட்டுப் பேர், ஒரே குழம்பு. திரும்பி வந்து காரைக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தான். இன்றும் நன்றாகவே இருக்கிறான், விசா பற்றி யாராவது பேசினால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

அந்த அமெரிக்க விசாவின் கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு 65,000, அங்கேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. 2023 மார்ச்சில் இதற்கு வந்த பதிவுகள் 7,80,884. இதில் பாதிக்கு மேல், ஒரே ஆளின் பெயரைப் பல கம்பெனிகள் போட்ட பதிவுகள். குலுக்கலில் ஒருவன் பத்துச் சீட்டு போடுகிற கதை. அடுத்த வருஷம் ஓர் ஆளுக்கு ஒரு வாய்ப்புதான் என்று விதியை மாற்றினார்கள். 2025 செப்டம்பரில் டிரம்ப் போட்ட ஆணை, நாட்டுக்கு வெளியே இருக்கிறவருக்காகக் கொடுக்கும் புது மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்தது. இங்கே கல்லூரியை விட்டு இறங்கிய பையனுக்காக அதைக் கட்டப்போகிற கம்பெனி எது? ஹைதராபாத் பக்கத்தில் சில்கூர் பாலாஜி கோயிலில் வேண்டுதலுக்கு 11 சுற்று, விசா கிடைத்தால் 108 சுற்று. எங்கள் லோதி ரோடு சாய்பாபா கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பாஸ்போர்ட்டைப் பாதத்தில் வைத்து வாங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் இதில் நம்பிக்கைக் குறைவு எதுவும் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் கிட்டத்தில் இருக்கிறது, தமிழும் ஆட்சிமொழி. ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டுமென்றால் 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி. அதற்கு மேல் 2023 முதல் ஒரு மதிப்பெண் முறை. 40 மதிப்பெண் தேற வேண்டும். பட்டத்துக்கு மதிப்பெண் வேண்டுமானால் அது உண்மைதானா என்று சரிபார்த்த அத்தாட்சியும் வேண்டும். அனுபவமில்லாத ஒருவனுக்கு அவ்வளவு சம்பளம் தந்து கடல் தாண்டிக் கூப்பிட ஒரு முதலாளிக்கு நல்ல காரணம் இருக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து வருஷமாக என்னிடம் வந்த பேப்பர்களில் நான் பார்த்தது இதுதான். கல்லூரியிலிருந்து நேரே வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். மற்றவர்கள் கடன் வாங்கி அங்கே எம்.எஸ். படித்தார்கள், அல்லது இங்கே இரண்டு மூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டுப் போனார்கள். உண்மையான வேலை கிடைத்தவர்கள் எல்லாரும் பேப்பர் பேப்பர் என்று என் உயிரை வாங்கியவர்கள். உன் பட்டம் எங்கள் பட்டத்துக்குச் சமமா, நீ நீதானா, உன் அப்பா உன் அப்பாதானா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இலவச டிக்கெட்டோடு வந்தவன் எதுவுமே கேட்கவில்லை. அவனுக்கு அந்தப் பையனின் படிப்பு தேவையில்லை, விரல்கள் போதும்.

பேப்பர் கேட்கிறவன் எல்லாம் யோக்கியன் என்றும் இல்லை. காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவன் பதிவு எண் உண்மையா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்துவிடலாம். இதில் ஒரு விசித்திரம். பத்தாவது தேறாதவர் வளைகுடாவுக்குக் கொத்தனார் வேலைக்குப் போனால், அவர் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்று ஓர் அதிகாரி இருக்கிறார். பத்தாவது தேறிவிட்டால் அந்த அனுமதி தேவையில்லை. விவரம் தெரிந்தவர், தானே பார்த்துக்கொள்வார் என்று அரசாங்கம் நம்புகிறது. மே சோட் வண்டியில் ஏறியவர்கள் இன்ஜினீயர்கள்.

பையனின் கம்பெனி கடைசியில் சேரும் தேதி அனுப்பவே இல்லை. 2023 தொடக்கத்தில் நொய்டாவில் ஒரு சின்ன கம்பெனியில், முதலில் சொன்ன சம்பளத்தில் பாதிக்குச் சேர்ந்தான். மெட்ரோவில் போய்வந்தான். அந்த வருஷம் தாத்தா காரியத்துக்கு மன்னார்குடி போனபோது நகராட்சியில் பெயரையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அப்பாவும் பிள்ளையும் எப்போது பேச ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கன்னா மார்க்கெட்டில் இருவரும் சேர்ந்து காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

2025-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முறுக்கு டப்பாவோடு வந்தான். ஜெர்மனியில் நடுத்தரமான ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. நான்கு சுற்று இன்டர்வியூ. ஒரு சுற்றில் அவன் எழுதிய புரோகிராமை வரி வரியாக விளக்கச் சொன்னார்களாம். 2024 அக்டோபரில் சான்சலர் ஷோல்ஸ் டெல்லி வந்த சமயத்தில், இந்தியத் தொழில்நிபுணர்களுக்கான விசாவை வருஷத்துக்கு 20,000-த்திலிருந்து 90,000 ஆக உயர்த்தும் முடிவு வெளியானது. இண்டர் மறுபடி தேவைப்படுகிறார்கள். 'ப்ளூ கார்டு' என்ற அனுமதிக்குப் புதுப் பட்டதாரிகளுக்கும் ஐ.டி.காரர்களுக்கும் 2025-இல் வைத்த வருஷச் சம்பள வரம்பு 43,759 யூரோ 80 சென்ட். அந்த 80 சென்ட்டைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மோசடிக்காரன் முழு எண்ணாகத்தான் சொல்வான்.

மேஜை முழுக்கப் பேப்பர். படித்த பல்கலைக்கழகம் தனியாக, பட்டம் தனியாக, இரண்டும் ஜெர்மன்காரர்களின் 'அனபின்' பட்டியலில் இருக்கிறதா என்ற அச்சுப்பிரதி. வேலை ஒப்பந்தம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தோடு. காப்பீடு. அனுபவச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழை இதற்கு யாரும் கேட்கவில்லை, அவன் அம்மாதான் கொடுத்தனுப்பியிருந்தார். அங்கேயே கல்யாணம், குழந்தை என்று வந்தால் வேண்டியிருக்குமாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், என் இங்கிலீஷ் போதாது என்று சொன்னேன். "பரவாயில்லை அங்கிள், நீங்க முதல்ல போடுங்க" என்றான்.

இந்த முறை ஒப்பந்தத்தில் இருந்த ஊரை நான் மேப்பில் தேடும்போது அவனும் பக்கத்தில் குனிந்து பார்த்தான். ஆறு இருக்கிறது. எல்லை இல்லை.

சான்றிதழில் பெயர் இருந்த இடத்தை மொழிபெயர்த்தேன். அடுத்தது தந்தை பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று அதையே போட்டிருந்தான். நமக்கு அது இனிஷியல், ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அமெரிக்க விசாவில் அந்த இடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கத்தையே பெயராக அடித்துக் கொடுப்பார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றே சொல்லிவிட்டது. இவன் விவரமாகத்தான் நிரப்பியிருக்கிறான்.

"ஆபீஸில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என் பேர் சொல்லித்தான்."

"கூட வேலை பார்க்கிறவர்கள் வேண்டுமானால். பாங்கில், ஆஸ்பத்திரியில், வீட்டு வாசலில் மணிப் பலகையில் எல்லாம் குடும்பப் பெயர்தான். ஹெர் என்று சொல்லி உங்கப்பா பெயரைத்தான் சொல்வார்கள்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிரித்தான். "பாஸ்போர்ட்டை இப்ப யாரும் ஒளிச்சு வைக்க முடியாது அங்கிள், எம்பஸில இருக்கு."

நான் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, பேப்பர்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, முறுக்கு அப்பா சொல்லி அம்மா சுட்டது என்று சொல்லிவிட்டுப் போனான்.